புதிய நிரல்மொழி கற்கத் தொடங்கும் பிள்ளைகளுக்கு: ஒரு ஜகாத் கணக்கு தரும் பாடங்கள்

பிளஸ் டூ தேர்வு முடிந்ததும் நம் ஊர்களில் இரண்டு விதமான தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கும். முதலாவது, "பையன் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேரப் போறான், இப்பவே எந்த கோர்ஸ்ல சேர்த்து விடலாம்?" என்று சவூதியிலிருந்தோ துபையிலிருந்தோ வாப்பா கேட்பது. இரண்டாவது, ஆறு மாதம் கழித்து, "ஒண்ணுமே புரியலைன்னு அழுவுறான், வேற பாடத்துக்கு மாத்திடலாமா?" என்று ஊரிலிருந்து உம்மா கேட்பது.

இந்த இரண்டாவது அழைப்பு வருவதற்குப் பெரும்பாலும் பிள்ளையின் அறிவுக்குறைவு காரணமாக இருப்பதில்லை. தொடங்கிய விதம்தான் தவறாக இருக்கும். தமிழ்வழியில் படித்து, வீட்டில் முதல் பட்டதாரியாகக் கல்லூரிக்குள் நுழையும் பிள்ளை, முதல் மாதத்திலேயே திரையில் சிவப்பு நிறப் பிழைச் செய்திகளைப் பார்த்து மிரண்டுவிடுகிறது. 'இது நமக்கு வராது' என்று மனதுக்குள் முடிவு கட்டிவிடுகிறது. அந்த முடிவை வீட்டில் யாரிடமும் சொல்வதும் இல்லை. வாப்பா அனுப்பும் பணத்தில் படிக்கிறோமே என்ற கூச்சம்.

அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கும் அவர்களின் பெற்றோருக்கும், அறிமுகமில்லாத ஒரு நிரல்மொழியை எப்படித் தொடங்குவது என்பதை இந்தக் கட்டுரையில் எளிமையாகப் பார்ப்போம்.

எந்த மொழியில் தொடங்குவது?

நிரல்மொழி என்பது கணினிக்கு நாம் கட்டளைகளை எழுதிக் கொடுக்கும் மொழி. சி, சி பிளஸ் பிளஸ், ஜாவா, பைத்தான் என்று பல மொழிகள் உண்டு. புதிதாகத் தொடங்குவோருக்குப் பைத்தான் பொருத்தமானது. நெதர்லாந்தைச் சேர்ந்த கைடோ வான் ராசம் என்பவர் 1989 இறுதியில் உருவாக்கத் தொடங்கி, 1991இல் வெளியிட்ட மொழி இது. பெயரைப் பார்த்து மலைப்பாம்பு என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தின் ஒரு நகைச்சுவைத் தொலைக்காட்சித் தொடரிலிருந்து அவர் எடுத்த பெயர் அது.

பைத்தானைப் பரிந்துரைக்க மூன்று காரணங்கள் உண்டு. எழுதுவதற்குச் சுருக்கமானது. முற்றிலும் இலவசமானது, திருட்டு மென்பொருள் தேட வேண்டிய அவசியமே இல்லை. மூன்றாவது காரணம் பலருக்குத் தெரியாதது. தமிழக அரசின் பாடத்திட்டத்தில் 11ஆம் வகுப்புக் கணினி அறிவியலில் சி பிளஸ் பிளஸும் 12ஆம் வகுப்பில் பைத்தானும் கற்பிக்கப்படுகின்றன. அந்தப் பாடநூல்கள் தமிழ்வழியிலும் இருக்கின்றன. இணையத்திலிருந்து இலவசமாகப் பதிவிறக்கிக்கொள்ளலாம். அதாவது, கணினி அறிவியல் எடுக்காத மாணவரும், வீட்டிலிருந்தே கற்க விரும்பும் சகோதரியும், தமிழிலேயே எழுதப்பட்ட ஒரு முழுமையான பைத்தான் பாடநூலை ஒரு ரூபாய் செலவில்லாமல் பெறலாம்.

ஒரு மொழியைத் தேர்ந்தெடுத்துவிட்டால் குறைந்தது மூன்று மாதம் அதிலேயே இருங்கள். "ஜாவாதான் நல்லது" என்று ஒரு மாமாவும் "இப்போ எல்லாம் வேற வந்துடுச்சு" என்று ஒரு மச்சானும் சொல்வார்கள். முதல் மொழியில் கிடைக்கும் அடிப்படை எந்த மொழிக்குப் போனாலும் கூட வரும். மாறி மாறித் தாவுபவருக்கு எதுவும் தங்காது.

மதரஸாவில் ஓதப் பழகியது போல

நாம் சிறு வயதில் குர்ஆன் ஓதக் கற்றதை நினைத்துப் பாருங்கள். உஸ்தாத் முதல் நாளே யாஸீன் சூராவைக் கையில் கொடுக்கவில்லை. முதலில் தனித்தனி எழுத்துகள். பிறகு ஜபர், ஜேர், பேஷ். பிறகு கூட்டெழுத்துகள். நேற்றைய பாடத்தை ஒப்புவித்த பிறகுதான் இன்றைய பாடம். தவறாக ஓதினால் அங்கேயே நிறுத்தி, திருத்தி, மீண்டும் ஓத வைப்பார். அடுத்தவர் ஓதுவதைக் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்த யாருக்கும் ஓத வந்ததில்லை. நாம் வாய் திறந்து ஓத வேண்டியிருந்தது.

நிரல்மொழியும் இதே வழியில்தான் வரும். அதன் 'எழுத்துகள்' ஆறு என்று வைத்துக்கொள்ளலாம்.

1. மாறி: ஒரு மதிப்பைப் பெயரிட்டு வைத்துக்கொள்ளும் இடம்.
2. உள்ளீடும் வெளியீடும்: பயனரிடம் கேட்பதும், விடையைக் காட்டுவதும்.
3. நிபந்தனை: 'இப்படி இருந்தால் இதைச் செய், இல்லையென்றால் அதைச் செய்' என்பது.
4. மடக்கு: ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வது.
5. பட்டியல்: பல மதிப்புகளை வரிசையாக ஒரே பெயரில் வைப்பது.
6. செயற்கூறு: ஒரு வேலைக்கான கட்டளைகளைக் கட்டி, பெயர் வைத்து, வேண்டும்போது அழைப்பது.

இந்த ஆறும் கைவந்துவிட்டால் மீதி எல்லாம் இவற்றின் கூட்டெழுத்துகள்தான். ஆனால் பல பிள்ளைகள் இங்கேதான் சறுக்குகிறார்கள். பத்து மணி நேர வீடியோ ஒன்றை இரண்டு நாளில் பார்த்து முடிக்கிறார்கள். பார்க்கும்போது எல்லாம் புரிந்தது போலத் தெரியும். வெற்றுத் திரையைத் திறந்து உட்கார்ந்தால் ஒரு வரிகூட வராது. பத்து நிமிடம் வீடியோ பார்த்தால் இருபது நிமிடம் சொந்தமாகத் தட்டச்சு செய்து பாருங்கள். நகலெடுத்து ஒட்டாதீர்கள், விரல் பழக வேண்டும்.

காகிதத்தில், தமிழில் தொடங்குங்கள்

நிரல் எழுதுவது என்பது இரண்டு வேலை. ஒன்று, கணக்கை எப்படிச் செய்வது என்று யோசிப்பது. மற்றொன்று, அதைக் கணினியின் மொழியில் எழுதுவது. புதியவர்கள் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யப் பார்த்துத் திணறுகிறார்கள். முதல் வேலைக்கு ஆங்கிலமும் தேவையில்லை, கணினியும் தேவையில்லை. ஒரு பேனாவும் காகிதமும் போதும்.

இப்படிப் படிப்படியாக எழுதப்படும் வழிமுறைக்கு 'அல்காரிதம்' என்று பெயர். 9ஆம் நூற்றாண்டில் கலீஃபா மஃமூன் காலத்தில் பாக்தாதில் வாழ்ந்த கணித அறிஞர் முஹம்மத் இப்னு மூஸா அல்குவாரிஸ்மியின் பெயர் லத்தீனுக்குப் போய்த் திரிந்து உருவான சொல் இது. அவருடைய நூல் தலைப்பிலுள்ள 'அல்ஜப்ர்' என்ற சொல்லிலிருந்துதான் 'அல்ஜீப்ரா' வந்தது. அந்த நூலின் ஒரு பெரிய பகுதி வஸிய்யத் மற்றும் வாரிசுரிமைப் பங்கீட்டுக் கணக்குகள். மக்களின் அன்றாடத் தேவைக்காக, மார்க்கக் கடமையைச் சரியாக நிறைவேற்றுவதற்காகச் செய்யப்பட்ட கணக்கு அது. ஆகவே நம் வீட்டுப் பிள்ளை நிரல் எழுதுவது நமக்கு அந்நியமான வேலை அல்ல.

எங்கள் ஊர் மாணவர் ஒருவர் தன் முதல் சொந்த நிரலாக ஜகாத் கணக்கை எடுத்துக்கொண்டார். அவர் காகிதத்தில் எழுதியது இது:

1. கையிருப்புப் பணம் எவ்வளவு என்று கேள்.
2. வியாபாரச் சரக்கின் மதிப்பைக் கேள்.
3. கொடுக்க வேண்டிய கடனைக் கேள்.
4. இன்றைய நிஸாப் தொகையைக் கேள்.
5. பணத்தையும் சரக்கையும் கூட்டி, கடனைக் கழி.
6. மிச்சம் நிஸாபைவிட அதிகமாக இருந்தால், அதை 40ஆல் வகுத்து விடையைக் காட்டு.
7. இல்லையென்றால் 'ஜகாத் கடமையில்லை' என்று காட்டு.

இரண்டரை சதவீதம் என்பதும் நாற்பதில் ஒன்று என்பதும் ஒன்றே. ஆகவே 40ஆல் வகுத்தால் போதும். ஏழே வரி. பைத்தானிலும் ஏறக்குறைய இத்தனை வரிகள்தான் ஆகும். ஆனால் இந்த ஏழு வரியில் அவர் கற்றுக்கொண்டது ஒரு பருவத்தின் பாடம்.

பிழைச் செய்தியைப் படியுங்கள், பயப்படாதீர்கள்

முதல் தடவை அவர் நிரலை இயக்கியதும் சிவப்பு எழுத்துகள் வந்தன. உடனே எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து எழுதினார். மறுபடியும் அதே சிவப்பு.

பிழைச் செய்தி என்பது திட்டு அல்ல. உஸ்தாத் ஓதலை நிறுத்தி, 'இந்த இடம்' என்று விரல் வைப்பது போன்றது. பைத்தானின் பிழைச் செய்தியைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். கடைசி வரி என்ன தவறு என்று சொல்லும். அதற்கு மேலே எந்த வரியில் என்று வரி எண் இருக்கும். அந்த எண் காட்டும் வரியில் தவறு தெரியவில்லை என்றால் அதற்கு முந்தைய வரியையும் பாருங்கள். மூடாமல் விட்ட அடைப்புக்குறி அங்கே இருக்கக்கூடும்.

தொடக்கத்தில் வரும் பிழைகள் திரும்பத் திரும்ப இந்தச் சிலதான்:

• 'இஃப்' வரியின் முடிவில் முக்காற்புள்ளி விட்டுப்போவது.
• உள்ளே தள்ளி எழுத வேண்டிய வரியைத் தள்ளாமல் விடுவது. பைத்தானில் இந்த இடைவெளி அழகுக்காக அல்ல. எந்த வரி எந்த நிபந்தனைக்குள் அடங்கும் என்பதை அதுதான் முடிவு செய்கிறது. ஒவ்வொரு நிலைக்கும் நான்கு இடைவெளி என்பது வழக்கம்.
• பெயரை ஓரிடத்தில் பெரிய எழுத்தில் தொடங்கி, இன்னோர் இடத்தில் சிறிய எழுத்தில் எழுதுவது. பைத்தானுக்கு இரண்டும் வெவ்வேறு பெயர்கள்.
• ஒரு சமக்குறிக்கும் இரட்டைச் சமக்குறிக்கும் வேறுபாடு அறியாமல் எழுதுவது. ஒன்று 'இதில் இதை வை' என்று பொருள். இரண்டு 'இரண்டும் சமமா?' என்று பொருள்.
• வேர்டு கோப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டும்போது நேரான மேற்கோள் குறிக்குப் பதிலாக வளைந்த மேற்கோள் குறி வந்துவிடுவது. கண்ணுக்கு ஒன்று போலத் தெரியும், பைத்தான் ஏற்காது.

ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். என்ன பிழை வந்தது, எதனால் வந்தது, எப்படிச் சரிசெய்தோம் என்று மூன்று வரி எழுதுங்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் ஒரே பிழையை எத்தனை முறை செய்திருக்கிறோம் என்று தெரியும். அடுத்த முறை கை தானாக நிற்கும்.

செய்தி காட்டாத பிழைதான் ஆபத்து

சிவப்பு எழுத்து மறைந்ததும் வேலை முடிந்தது என்று நினைப்பது அடுத்த தவறு. அந்த மாணவர் பணம் 3,00,000 என்றும் சரக்கு 2,00,000 என்றும் கொடுத்து, இரண்டையும் கூட்டிக் காட்டச் சொன்னார். ஐந்து லட்சம் வர வேண்டும். திரையில் வந்ததோ 300000200000. முப்பதாயிரம் கோடிக்கு மேல்!

காரணம் எளிது. பைத்தானில் 'இன்புட்' கட்டளை மூலம் பயனரிடமிருந்து பெறுவது எதுவாயினும் அது எழுத்துத் தொடராகவே வரும், எண்ணாக வராது. இரண்டு எழுத்துத் தொடர்களைக் கூட்டினால் ஒன்றன் பின் ஒன்றாக ஒட்டிவிடும். 'இன்ட்' என்ற செயற்கூறால் அதை முழு எண்ணாக மாற்றிய பிறகே கணக்குப் போட வேண்டும்.

அதைத் திருத்திய பிறகு ஒரு லட்சம் கடனையும் சேர்த்துக் கொடுத்தார். விடை 4,97,500 என்று வந்தது. ஐந்து லட்சம் வைத்திருப்பவருக்கு ஜகாத் ஏறக்குறைய ஐந்து லட்சமா? பள்ளிக்கூடக் கணக்கில் படித்த விதியை அவர் மறந்துவிட்டார். கூட்டல் கழித்தலுக்கு முன் வகுத்தல் நடக்கும். அவர் அடைப்புக்குறி போடாததால் கடன் மட்டும் 40ஆல் வகுபட்டு, 2,500 ஆகி, ஐந்து லட்சத்திலிருந்து கழிந்தது. கூட்டி, கழித்து வரும் தொகை முழுவதையும் அடைப்புக்குறிக்குள் வைத்ததும் 10,000 என்று சரியாக வந்தது.

இந்த இரண்டு இடத்திலும் கணினி பிழை காட்டவில்லை. நாம் எழுதியதை அது அப்படியே செய்தது. நாம் நினைத்தது என்ன என்று அதற்குத் தெரியாது. ஆகவே விடை தெரிந்த கணக்கைக் கையால் போட்டு வைத்துக்கொண்டு, நிரலின் விடையோடு ஒப்பிடுங்கள். குறிப்பாக எல்லைகளைச் சோதியுங்கள். நிஸாபைவிட ஒரு ரூபாய் குறைவு, சரியாக நிஸாப் அளவு, ஒரு ரூபாய் அதிகம் என மூன்றையும் கொடுத்துப் பாருங்கள். அவர் 'அதிகமாக இருந்தால்' என்று மட்டும் எழுதியிருந்ததால், சரியாக நிஸாப் அளவு வைத்திருப்பவருக்கு 'கடமையில்லை' என்று வந்தது. 'சமமாகவோ அதிகமாகவோ' என்றிருக்க வேண்டும்.

ஹஜ்ரத் கேட்ட கேள்வி

எல்லாம் சரியாகிவிட்டது என்ற மகிழ்ச்சியில், ஜமாஅத்தார் பயன்படுத்தட்டும் என்று அதைப் பள்ளிவாசல் இமாமிடம் கொண்டுபோய்க் காட்டினார். ஹஜ்ரத் பொறுமையாகப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "கடனைக் கழிக்கச் சொல்லி இருக்கியே தம்பி, யாரைக் கேட்டு எழுதினே?"

"இன்டர்நெட்ல ஒரு கால்குலேட்டர் பார்த்தேன் ஹஜ்ரத், அதுல அப்படித்தான் இருந்துச்சு."

"ஷாஃபி மத்ஹபுல கடன் இருந்தாலும் கையில இருக்கிற பணத்துக்கு ஜகாத் கடமைன்னுதான் சட்டம். ஹனஃபியில கழிக்கலாம். நம்ம ஊர்ல ரெண்டு பேரும் இருக்காங்க. அப்புறம், ஒரு வருஷம் நிறைஞ்சுதான்னு எங்கேயுமே கேட்கலையே?"

மாணவர் திகைத்துவிட்டார். பைத்தான் மட்டும்தான் தனக்குத் தெரிய வேண்டும் என்று நினைத்திருந்தார். தான் எழுதிய ஒரு கழித்தல் குறிக்குள் ஒரு மார்க்கச் சட்டம் ஒளிந்திருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. அந்த நிரலை ஊரெல்லாம் பயன்படுத்தியிருந்தால், ஒரு ஷாஃபி சகோதரர் கொடுக்க வேண்டிய தொகை குறைந்திருக்கும். குறைந்த தொகை யாருடையது? ஏழையின் ஹக்.

அவர் அன்றிரவே திருத்தினார். முதலில் ஓராண்டு நிறைந்ததா என்று கேட்கும். கடனைக் கழிப்பதா வேண்டாமா என்பதைத் தானாக முடிவு செய்யாமல், 'உங்கள் ஆலிமிடம் கேட்டுத் தேர்ந்தெடுக்கவும்' என்று சொல்லி இரண்டு வழியும் காட்டும். நிஸாபையும் தானே எழுதி வைக்காமல் பயனரிடமே கேட்கும்; தங்கம், வெள்ளி விலை தினமும் மாறுவது மட்டுமல்ல, எதை அளவுகோலாகக் கொள்வது என்பதிலும் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு.

நாளை இந்தப் பிள்ளைகள்தான் மருத்துவமனைக்கும் வங்கிக்கும் அரசு அலுவலகத்துக்கும் நிரல் எழுதப் போகிறவர்கள். துறை தெரிந்தவரைக் கேட்காமல் எழுதப்படும் ஒரு வரி, எங்கோ ஒருவரின் உரிமையைப் பறித்துவிடும். நிரல் எழுதுவது ஓர் அமானிதம். முதல் நிரலிலேயே இதைப் பழக்கிக்கொள்ள வேண்டும்.

ஏற்கெனவே வேறு மொழி தெரிந்தவர்களுக்கு

11ஆம் வகுப்பில் சி பிளஸ் பிளஸ் படித்தவர்களும், பல ஆண்டுகளுக்கு முன் வேறு மொழி கற்று வளைகுடாவில் வேலை பார்க்கும் சகோதரர்களும் பைத்தானுக்கு வரும்போது வேறு ஒரு சிக்கல் வருகிறது.

நம் பாட்டிமார்கள் படித்த அரபுத் தமிழ்க் கிதாபுகளை நினைவுகூருங்கள். எழுத்து அரபு, மொழி தமிழ். தமிழ் தெரிந்தவருக்கு எழுத்து மட்டும் பழகினால் போதும், பொருள் தானாகப் புரியும். ஆனால் தமிழ் ஒலிகளுக்காக அரபியில் இல்லாத சில எழுத்துகளைச் சேர்த்திருப்பார்கள். அவற்றை அரபு எழுத்தாகவே நினைத்துப் படித்தால் தடுமாற்றம்தான்.

இரண்டாவது நிரல்மொழியும் அப்படித்தான். நிபந்தனையும் மடக்கும் பழையவையே. எழுதும் முறைதான் புதிது. ஒன்று போலத் தோன்றி வேறாக நடக்கும் இடங்களில் மட்டும் கவனம் தேவை. சி பிளஸ் பிளஸில் முழு எண் 5ஐ 2ஆல் வகுத்தால் 2 வரும். பைத்தான் 3இல் 2.5 வரும். 2 மட்டும் வேண்டுமென்றால் சாய்கோட்டை இரண்டு முறை போட வேண்டும். இரட்டைக் கூட்டல் குறியால் ஒன்றைக் கூட்டும் வழக்கம் பைத்தானில் இல்லை. ஒரு பட்டியலுக்கு இன்னொரு பெயர் வைத்தால் அது புதிய நகல் ஆகாது; ஒரே பட்டியலுக்கு இரண்டு பெயர், ஒன்றில் மாற்றினால் இரண்டிலும் மாறும். இத்தகைய வேறுபாடுகளை ஒரு பக்கத்தில் இரண்டு பத்தியாக எழுதி மேசையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இணையத்தில் பழைய பாடங்களும் கலந்து கிடக்கின்றன. பைத்தான் 2க்கான ஆதரவு 2020 ஜனவரி 1 அன்று முடிந்துவிட்டது. 'பிரின்ட்' கட்டளைக்கு அடைப்புக்குறி இல்லாமல் எழுதியிருக்கும் பாடத்தைப் பார்த்தால் அது பழையது என்று ஒதுக்கிவிடுங்கள்.

செயற்கை நுண்ணறிவை என்ன செய்வது?

'எல்லாத்தையும் சாட்ஜிபிடி எழுதிக் கொடுக்குதே, நாம ஏன் கற்கணும்?' என்பது இன்று பிள்ளைகள் கேட்கும் கேள்வி. மேலே பார்த்த ஜகாத் கணக்கையே அதற்குப் பதிலாகச் சொல்லலாம். அது எழுதிக் கொடுத்ததில் கடன் கழிக்கப்பட்டிருக்கிறதா, எல்லை சரியா என்று பார்க்கத் தெரியாதவர் அதை நம்பிப் பயன்படுத்த முடியாது.

தொடக்க மாதங்களில் அதை ஓர் ஆசிரியரைப் போலப் பயன்படுத்துங்கள். "இந்தப் பிழைச் செய்திக்கு என்ன பொருள்? விடையைச் சொல்லாதே, குறிப்பு மட்டும் கொடு" என்று தமிழிலேயே கேட்கலாம். அது தரும் நிரலை வாங்கி, தன் பெயரில் பயிற்சியாகச் சமர்ப்பிப்பது வேறு. அது ஆசிரியரை ஏமாற்றுவது. அதைவிட, நேர்முகத் தேர்வில் வெற்றுக் காகிதத்தின் முன் நிற்கப்போகும் தன்னையே ஏமாற்றிக்கொள்வது. ஒரு வரியைக் கூட அது ஏன் அங்கே இருக்கிறது என்று சொல்லத் தெரியாமல் உங்கள் நிரலில் வைக்காதீர்கள்.

பணம் கட்டும் முன்

பெற்றோர்கள் கவனிக்க வேண்டிய பகுதி இது. 'நூறு சதவீத வேலை உத்தரவாதம்' என்று சொல்லிப் பெருந்தொகை கேட்கும் பயிற்சி நிலையங்கள் பெருகிவிட்டன. கையில் பணம் இல்லை என்றால் மாதத் தவணை என்று சொல்லி, ஒரு கடன் நிறுவனத்தின் படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள். கட்டணம்தானே என்று கையெழுத்திடுகிறோம். பிள்ளை பாதியில் நின்றாலும் தவணை நிற்பதில்லை. அதில் வட்டி இருக்கிறதா, தாமதமானால் வட்டி சேருமா என்று படித்துப் பார்ப்பவர் குறைவு. பிள்ளையின் படிப்பை ஹராமான கொடுக்கல் வாங்கலில் தொடங்க வேண்டாம்.

அடிப்படையைக் கற்கப் பணமே தேவையில்லை. தமிழ்வழிப் பாடநூலைப் பற்றி மேலே சொன்னோம். மத்திய அரசின் ஆதரவில் ஐஐடிகள் நடத்தும் என்பிடெல் தளத்தில் பைத்தான் பாடங்கள் இலவசம். சான்றிதழ் தேர்வு எழுதினால் மட்டுமே கட்டணம். சென்னைக் கணிதவியல் கழகத்தின் பேராசிரியர் மாதவன் முகுந்த் நடத்திய பாடமும் அங்கே உண்டு. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பைத்தான் அறிமுகப் பாடத்தையும் இலவசமாகப் படிக்கலாம். ஐஐடி மும்பையின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் பல மென்பொருள் பாடங்கள் தமிழ்க் குரலில் கிடைக்கின்றன.

விலையுயர்ந்த மடிக்கணினியும் வேண்டாம். சாதாரண பழைய கணினியே போதும். கணினியே இல்லையென்றாலும் கைப்பேசி உலாவியில் கூகுள் கோலாப் மூலம் பைத்தான் எழுதி இயக்கலாம். வசதி வரும்வரை அது போதும். விசைப்பலகையில் பழகுவது மட்டும் அவசியம்.

ஆங்கிலம் தடையாக இருக்கும் என்ற அச்சமும் பாதி தேவையற்றது. பைத்தானின் கட்டளைச் சொற்கள் நாற்பதுக்கும் குறைவு. மாறிகளுக்குத் தமிழிலேயே 'தொகை', 'கடன்' என்று பெயர் வைத்தால்கூடப் பைத்தான் 3 ஏற்றுக்கொள்ளும். கட்டளைகளையே தமிழ்ச் சொற்களில் எழுதும் 'எழில்' என்ற நிரல்மொழியை முத்து அண்ணாமலை உருவாக்கியிருக்கிறார். கற்றுக்கொள்ளும் காலத்தில் இவை துணை. வேலைக்குப் போகும்போது ஆங்கிலம் வேண்டும். பிழைச் செய்திகளைத் தினமும் படிப்பதே அதற்கும் ஒரு பயிற்சி.

முதல் மாதத் திட்டம்

ஞாயிற்றுக்கிழமை ஆறு மணி நேரம் உட்கார்வதைவிடத் தினமும் நாற்பது நிமிடம் மேல். குறைவாக இருந்தாலும் தொடர்ந்து செய்யப்படும் அமலின் சிறப்பை நாம் பயான்களில் கேட்டிருக்கிறோம். கல்விக்கும் அது பொருந்தும். ஃபஜ்ருக்குப் பிறகு வீடு அமைதியாக இருக்கும் நேரம் இதற்கு ஏற்றது.

முதல் வாரம்: மாறி, உள்ளீடு, வெளியீடு. பெயரையும் பிறந்த ஆண்டையும் கேட்டு வயதைச் சொல்லும் நிரல்.

இரண்டாம் வாரம்: நிபந்தனை. மேலே பார்த்த ஜகாத் கணக்கு.

மூன்றாம் வாரம்: மடக்கும் பட்டியலும். வீட்டின் முப்பது நாள் செலவைப் பட்டியலிட்டு, மொத்தமும் அதிகம் செலவான நாளும் காட்டும் நிரல். பட்டியலில் முதல் இடத்தின் எண் ஒன்று அல்ல, பூஜ்யம் என்பதை இங்கே நினைவில் வையுங்கள்.

நான்காம் வாரம்: செயற்கூறு. முந்தைய மூன்று நிரல்களையும் செயற்கூறுகளாகப் பிரித்து, எதையும் பார்க்காமல் மீண்டும் எழுதுவது. இந்த வாரம் புதிய பாடம் கிடையாது, முழுவதும் திருப்புதல்.

ஒரு பிரச்சினையில் அரை மணி நேரத்துக்கு மேல் சிக்கிக்கொண்டால் எழுந்துவிடுங்கள். உளூச் செய்து தொழுதுவிட்டு வந்து பார்த்தால், விட்டுப்போன முக்காற்புள்ளி சில நேரம் தானே கண்ணில் படும். அப்போதும் தெரியவில்லையென்றால் வெட்கப்படாமல் கேளுங்கள். கேட்கும்போது 'வேலை செய்யவில்லை' என்று மட்டும் சொல்லாமல், என்ன எதிர்பார்த்தேன், என்ன வந்தது, என்ன செய்து பார்த்தேன் என்று மூன்றையும் சொல்லுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்

உங்களுக்குக் கணினி தெரிய வேண்டியதில்லை. வாரம் ஒருமுறை பிள்ளையை அருகில் உட்கார வைத்து, "இந்த வாரம் என்ன எழுதினே? காட்டு, எனக்குப் புரியற மாதிரி சொல்லு" என்று கேளுங்கள். புரியும்படி சொல்லிக் காட்டுபவருக்குத்தான் பாடம் மனதில் நிற்கும். வெளிநாட்டில் இருக்கும் வாப்பா, "மார்க் எவ்வளவு?" என்பதோடு நிறுத்தாமல் வீடியோ அழைப்பில் இதையும் கேட்கலாம்.

பெண் பிள்ளைகளுக்கும் இதே வாய்ப்பைக் கொடுங்கள். வீட்டிலிருந்தே கற்கவும், பின்னர் விரும்பினால் வீட்டிலிருந்தே பணியாற்றவும் இடம்தரும் துறைகளில் இதுவும் ஒன்று. வீட்டில் ஒரே கணினி இருந்தால், அது அண்ணனுக்கு மட்டும் என்று ஒதுக்கிவிடாமல் நேரம் பிரித்துக் கொடுங்கள்.

"புரியலை" என்று பிள்ளை சொன்னால், பாடத்தை மாற்றுவதைப் பற்றி யோசிக்கும் முன், எந்த வரியில் புரியவில்லை என்று கேளுங்கள். பல நேரங்களில் அது ஒரே ஒரு வரிதான். அந்த ஒரு வரியில் கைகொடுக்க ஊரில் ஏற்கெனவே படித்த அண்ணன், அக்கா யாராவது இருப்பார்கள். ஜமாஅத்களும் இளைஞர் அமைப்புகளும் கோடை விடுமுறையில் தீனிய்யாத் வகுப்போடு, வாரம் இருமுறை ஒரு மணி நேரம் இத்தகைய வழிகாட்டலையும் ஏற்பாடு செய்யலாம். அதற்கு ஓர் அறையும் கற்றுக்கொடுக்க மனமுள்ள இருவரும் போதும்.

அந்த ஜகாத் நிரல் எழுதிய மாணவர் கடந்த ரமளானில் தன் நிரலை வாப்பாவுக்கு இயக்கிக் காட்டினார். வாப்பா காகிதத்தில் தானும் ஒரு முறை கணக்குப் போட்டு, இரண்டும் ஒன்றாக வந்ததைப் பார்த்த பிறகுதான் பணத்தை எண்ணி எடுத்து வைத்தார். மகன் கோபப்படவில்லை. சோதித்துப் பார்க்காமல் எந்த நிரலையும் நம்பக் கூடாது என்பதை அவர் அதற்குள் கற்றிருந்தார்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், அதை அமானிதமாகப் பயன்படுத்தும் மனதையும் தந்தருள்வானாக! ஆமீன்.